வாசகர் கேள்வி–பதில்: கிளாஸ்கோவிலிருந்து ஒரு தாந்தே

சென்ற இதழின் நூல் அறிமுகப் பகுதியில், ஸ்காட்லாந்து எழுத்தாளர் அலாஸ்டர் கிரே ஆங்கிலத்தில் தந்திருக்கும் தாந்தேயின் காவியத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தோம். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 1265இல் பிறந்த தாந்தே, நரகம், பாவங்களைக் கழுவித் தூய்மை பெறும் இடமான உத்தரிக்கும் தலம், சொர்க்கம் ஆகிய மூன்று உலகங்களின் வழியே தாமே நடந்து சென்றதாகப் பாடிய 'டிவைன் காமெடி' என்னும் நூறு படலக் காவியம் அது. அக்குறிப்பைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்தும், இங்கிருந்து வெளிநாடு சென்று வாழும் அன்பர்களிடமிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரு வரியில் பதில் சொல்லி நகர்ந்துவிடக் கூடிய கேள்விகளாக அவை இல்லாததால், இம்மாதம் இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கல்லூரி மாணவி, பள்ளத்தூர்: அலாஸ்டர் கிரேயின் கதை ஒன்று ஆஸ்கர் விருது பெற்ற படமாக வந்தது என்று தோழி ஒருத்தி சொன்னாள். நாவலாசிரியரான அவர் முதுமையில் தாந்தேயிடம் ஏன் போனார்?

தங்கள் தோழி சொன்னது சரியே. 'புவர் திங்ஸ்' என்னும் அவருடைய நாவல் 1992இல் வெளிவந்தது, 2023இல் படமாகியது. நாவலில் கதை நடக்கும் இடம் கிளாஸ்கோ. படத்தில் அது லண்டனுக்கு மாறிவிட்டது. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. ஆனால் கிரே எழுதியவற்றிலும் வரைந்தவற்றிலும் பெரும்பாலானவை அந்த ஒரு நகரத்து மண்ணிலிருந்து முளைத்தவை என்பதை அறிந்தவர்களுக்கு அது வருத்தம் தரும்.

கிரே 1934 டிசம்பர் 28 அன்று கிளாஸ்கோவின் கிழக்கே ரிட்ரி என்னும் பகுதியில், நகராட்சி கட்டிக்கொடுத்த வீடுகள் நிறைந்த குடியிருப்பில், ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். கிளாஸ்கோ கலைப்பள்ளியில் 1952 முதல் 1957 வரை பயின்று, சுவரோவியம் வரைபவராகவே தம் வாழ்க்கையைத் தொடங்கினார். மாணவப் பருவத்தில் எழுதத் தொடங்கிய 'லானார்க்' என்னும் நாவல் 1981இல்தான் வெளிவந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. நான்கு பாகங்கள் கொண்ட அந்நாவல் மூன்றாம் பாகத்தில் தொடங்கி, பிறகு முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வந்து, நான்காம் பாகத்தில் முடியும். அதில் வெயிலையே காணாத ஒரு நகரம் வருகிறது. அங்கே மனிதர்களின் உடலில் விசித்திரமான நோய்கள் படர்கின்றன. சிலர் திடீரென்று காணாமல் போகிறார்கள். தாம் அறிந்த கிளாஸ்கோவையே மறுமையின் இருளுக்குள் வைத்துப் பார்த்த நூல் அது. தாம் பிறந்த நகரத்து மனிதர்களைப் பெயர் சொல்லி நரகத்தில் அமர்த்திய தாந்தேயின் துணிவு அந்நாவலின் பின்னால் நிற்கிறது என்பதே என் கருத்து. ஆகவே கிரே முதுமையில் திடீரென்று தாந்தேயைத் தேடிப் போனதாகத் தோன்றவில்லை. இளமையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்த வீட்டிற்குள் இறுதியில் நுழைந்தார் என்றே கொள்ள வேண்டும்.

அந்த இறுதிக் காலமும் எளிதாக அமையவில்லை. 2015இல் தம் வீட்டு வாசலருகே கீழே விழுந்து முதுகெலும்பில் பலத்த காயமுற்றார்; அதன்பின் அவர் வாழ்ந்ததெல்லாம் சக்கர நாற்காலியில்தான். அந்த நிலையில் 2018இல் 'நரகம்' வெளிவந்தது. 2019இல் 'உத்தரிக்கும் தலம்' வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று, எண்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு மறுநாள், அவர் மறைந்தார். 'சொர்க்கம்' 2020இல், அவர் கண்ணால் காணாமலேயே அச்சேறியது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை: கிரே இத்தாலிய மொழி அறியாதவர் என்று எழுதியிருந்தீர்கள். மூலமொழி தெரியாத ஒருவர் செய்ததை மொழிபெயர்ப்பு என்று எப்படி ஏற்பது? இதே காரியத்தைத் தமிழில் ஒருவர் செய்திருந்தால் தாங்கள் பாராட்டியிருப்பீர்களா?

ஐயா, தங்கள் கேள்வியின் கடுமை நியாயமானது. அதை மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

கிரே முந்தைய ஆங்கில மொழிபெயர்ப்புகளை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே தம் பாடலை எழுதினார். அதை அவர் மறைக்கவில்லை. நூலின் தலைப்புப் பக்கத்திலேயே, உரைநடைச் சாயல் கொண்ட செய்யுளில் தாம் இதை ஆங்கிலப்படுத்தி அலங்கரித்ததாக அறிவித்துவிடுகிறார். நூலுக்கு அவர் இட்ட பொதுப்பெயரும் 'தாந்தேயின் தெய்விக முந்நூல்' என்னும் பொருள்படும் புதுப்பெயரே. மூலத்தின் ஒவ்வொரு சீரையும் அறிந்து சொல்லும் பண்டிதர் என்ற இடத்தை அவர் கோரவே இல்லை. ஆகவே தாந்தே இன்ன இடத்தில் சரியாக என்ன சொன்னார் என்று அறிய விரும்புகிறவர் இந்நூலைச் சான்றாகக் காட்டக் கூடாது. இதில் தங்களோடு எனக்கு முழு உடன்பாடு.

தமிழில் செய்திருந்தால் என்று கேட்டிருக்கிறீர்கள். நாம் டால்ஸ்டாயைப் படித்தது எப்படி? டி.எஸ். சொக்கலிங்கம் தந்த 'போரும் வாழ்வும்' நூலை இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்கள் தம் சொத்தாகவே கருதிப் படித்தார்கள். அது ஆங்கிலம் வழியே வந்தது என்பதற்காக அதைத் தள்ளிவைத்தவர்கள் உண்டா? இத்தகைய இடங்களில் கம்பரைத் துணைக்கு அழைப்பது வழக்கம். காரைக்குடிக் கம்பன் கழகத்து மேடைகளைக் கேட்டு வளர்ந்த நம் வட்டாரத்தில் அந்த ஒப்புமை உடனே நாவில் வரும். ஆனால் அது இங்கே பொருந்தாது. தேவபாடையில் அக்கதை செய்தவர் மூவர் என்றும், அவருள் முந்திய நாவினார் உரைப்படியே தாம் பாடுவதாகவும் கம்பர் சொல்கிறார். மூலத்தை மூலமொழியிலேயே கரைத்துக் குடித்தவர் அவர். கிரேக்கு அந்தத் தகுதி இல்லை. அவருக்கு இருந்த தகுதி வேறு.

அதைச் சொல்ல தாந்தேயின் காலத்திற்குப் போக வேண்டும். கற்றவர்கள் மதிக்கும் காவியம் லத்தீன் மொழியில்தான் இருக்க வேண்டும் என்பது அக்கால மரபு. தாந்தே அம்மொழியில் பெரும்புலமை உடையவர். அப்படியிருந்தும், தாயும் செவிலியும் பேசிய மொழியே மேலானது என்று வாதிட்டு, அந்த வாதத்தையே லத்தீனில் ஒரு நூலாக எழுதியவர், எழுதியபடி நின்றவர். பொலோஞாவைச் சேர்ந்த லத்தீன் அறிஞர் ஒருவர், இவ்வளவு உயர்ந்த பொருளைச் சந்தைக்கூட்டத்தின் மொழியில் வீணாக்கலாமா, லத்தீனில் பாடுங்கள் என்று அவருடைய கடைசி ஆண்டுகளில் செய்யுள் மடல் எழுதினார். தாந்தே அவருக்கு அழகிய லத்தீன் செய்யுளிலேயே விடை அனுப்பினார். காவியத்தை மட்டும் தம் ஊர் மொழியிலேயே முடித்தார். தங்களைப் போல் பல்லாண்டு தமிழ் கற்பித்தவர்களுக்கு இந்த நிகழ்ச்சியின் சுவையை நான் விளக்க வேண்டியதில்லை.

கிரே செய்தது அதே வகையான தேர்வு. ஆங்கிலத்தில் தாந்தேயை மொழிபெயர்த்தவர்களில் பலர் மேடைக்குரிய உயர்நடையை எடுத்துக்கொண்டார்கள். தொன்மை தோன்ற வேண்டும் என்று வழக்கிழந்த சொற்களைத் தேடிப் பிடித்தவர்களும் உண்டு. கிரே வடபுலத்து மனிதரின் வெட்டு ஒன்று துண்டு இரண்டான பேச்சை எடுத்துக்கொண்டார். காவியத்தின் முதல் மூன்றடிகளைப் பாருங்கள். நம் வாழ்க்கைப் பயணத்தின் நடுவழியில், நேர்வழி தப்பியதால், இருண்ட காடு ஒன்றில் நான் இருப்பதைக் கண்டேன் என்பது தாந்தேயின் தொடக்கம். கிரேயின் பாடலோ, நடுவயதில் வழியை அடியோடு தொலைத்தேன் என்ற அளவில் தொடங்கிவிடுகிறது. பயணம் என்னும் உருவகம் முதலடியில் சுருங்கிவிட்டது என்பது இழப்பு. ஒரு மனிதர் திண்ணையில் வந்து அமர்ந்து தமக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்குவது போன்ற நெருக்கம் கிடைத்திருக்கிறது என்பது வரவு. நூல் முழுவதும் இந்தக் கணக்கு இப்படியேதான் ஓடுகிறது. நரகத்தில் வரவு மிகுதி. அங்கே வசவும் வாக்குவாதமும் அழுகையும் நிறைந்திருப்பதால் கிரேயின் நடை அவற்றுக்குப் பொருந்திப் போகிறது. சொர்க்கத்தில் ஒளியும் இசையும் தத்துவமுமே பொருளாகிவிடும்போது இழப்பு கூடுகிறது.

ஒன்றைத் திருத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இது ஸ்காட்லாந்து மக்களின் தனிமொழியான ஸ்காட்ஸில் எழுதப்பட்ட நூல் என்று சிலர் நினைத்திருப்பது கடிதங்களில் தெரிகிறது. அவ்வாறு இல்லை. இதன் மொழி பொதுவான ஆங்கிலமே. அதன் ஓசையும் சிக்கனமும்தான் ஸ்காட்லாந்துக்கு உரியவை. ஸ்காட்ஸ் மொழியிலேயே பழங்காவியத்தைக் கொண்டுவந்த பெருமை 1513இலேயே கவின் டக்ளஸுக்குச் சேர்ந்துவிட்டது. அவர் மொழிபெயர்த்தது பண்டைய ரோமக் கவிஞர் வெர்ஜிலின் 'ஈனியட்' காவியம். நரகத்திலும் உத்தரிக்கும் தலத்திலும் தாந்தேயைக் கைப்பிடித்து நடத்திச் செல்லும் அதே வெர்ஜில். ஸ்காட்லாந்தில் இந்தப் பரம்பரை நீண்டது; கிரே அதன் பிற்காலக் கண்ணிகளில் ஒருவர்.

மரபுக்கவிதை ஆர்வலர், காரைக்குடி: தாந்தேயின் யாப்பு எத்தகையது? கிரே அதைக் காப்பாற்றியிருக்கிறாரா?

மூன்றடிகள் கொண்ட கண்ணிகளால் ஆனது. அடிக்குப் பதினோரு அசை. முதலடியும் மூன்றாமடியும் ஒரே ஓசையில் முடியும். நடுவடியின் ஈற்றோசை அடுத்த கண்ணியின் முதலடிக்கும் மூன்றாமடிக்கும் போய்விடும். நம் யாப்பில் சொல்வதானால் இயைபுத் தொடை. ஆனால் ஒரு கண்ணியின் உள்ளிருந்து அடுத்த கண்ணி பிறந்துகொண்டே போவதால், கேட்கும் அனுபவத்தில் அது அந்தாதிக்கு நெருங்கியது. இடையில் ஒரு கண்ணியை உருவினால் தொடர் அறுந்துவிடும். மூன்று காண்டங்களிலும் சேர்த்து 14,233 அடிகள் இவ்வாறே பின்னப்பட்டுள்ளன. முதற்காண்டத்தில் 34 படலங்கள், மற்ற இரண்டிலும் 33, ஆக நூறு.

இத்தாலியத்தில் பெரும்பாலான சொற்கள் உயிரோசையில் முடிவதால் இயைபு தானாக வந்து விழும். ஆங்கிலத்தில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்; தேடும்போது பொருள் வளைந்துவிடும். டாரத்தி சேயர்ஸ் இந்த யாப்பை விடாப்பிடியாகக் காத்தார். சில இடங்களில் அதற்கு அவர் கொடுத்த விலை கண்ணுக்குத் தெரிகிறது. லாங்ஃபெலோ 1867இல் இயைபையே கைவிட்டு அடிக்கு அடி நேராகப் பெயர்த்தார். கிளைவ் ஜேம்ஸ் 2013இல் நான்கடிச் செய்யுளுக்கு மாறிவிட்டார். கிரே இடைவழியைப் பிடித்தார். எளிதாக வந்த இடத்தில் அடியின் ஈற்றில் இயைபு. வராத இடத்தில் அடிகளுக்கு உள்ளேயே ஒத்த ஓசைகள். எதுகையிலும் மோனையிலும் பழகிய நம் காதுக்கு இந்த இரண்டாவது ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அந்தாதிபோல் ஓடும் அந்தப் பின்னல் போய்விட்டது. அதற்கு ஈடாக வேறொன்று வந்ததாக என்னால் சொல்ல முடியவில்லை.

வாசகர், கானாடுகாத்தான்: எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர். நாணயம் தவறாதவர் என்று இன்றும் ஊரில் பேர். தாந்தே வட்டி வாங்கியவர்களை நரகத்தில் போட்டிருக்கிறார் என்று படித்தேன்; மனத்துக்குச் சங்கடமாக இருந்தது. கிரே அந்த இடத்தைச் சற்றேனும் தணித்திருக்கிறாரா?

தணிக்கவில்லை, தணித்திருக்கவும் கூடாது. ஆனால் அந்த இடத்தைத் தாங்கள் முழுவதும் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பதினேழாம் படலத்தில் அது வருகிறது. எரிமணல் வெளி; மேலேயிருந்து தீத்துளிகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மணலின் விளிம்பில் சிலர் அமர்ந்து, கோடைக்காலத்தில் நாய்கள் தெள்ளுக்கடி தாளாமல் மோவாயாலும் காலாலும் தள்ளிக்கொள்வது போல, தீயைக் கைகளால் தட்டிவிட்டபடி இருக்கிறார்கள். தாந்தே ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறார். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பணப்பை தொங்குகிறது. பையில் அவரவர் குடும்பச் சின்னம். மஞ்சள் பையில் நீலச் சிங்கம். சிவப்புப் பையில் வெண்ணெயைவிட வெளுத்த வாத்து. வெள்ளைப் பையில் நீல நிறச் சினைப்பன்றி. அமர்ந்திருப்பவர்களின் கண்கள் அந்தப் பைகளையே மேய்ந்துகொண்டிருக்கின்றன. பேரைச் சொல்லாமல் சின்னத்தைச் சொன்னதாலேயே அன்றைய வாசகர்களுக்கு இன்னின்ன குடும்பம் என்று உடனே விளங்கிவிட்டது. பன்றிச் சின்னம் உடையவர் தம் பக்கத்து வீட்டுக்காரரும் சீக்கிரம் வந்து இடப்பக்கம் அமர்வார் என்று சொல்லிவிட்டு, மூக்கை நக்கும் எருதுபோல் நாக்கை வெளியே நீட்டுகிறார். இதை எழுதுவதற்கு உயர்நடை உதவாது. கிரேயின் ஒளிவுமறைவற்ற பேச்சு இந்த இடத்தில் மிக நன்றாக அமைந்திருக்கிறது.

தாந்தே சொல்லும் காரணம் பதினோராம் படலத்தில் இருக்கிறது. இயற்கை கடவுளின் கைவேலை. மனிதனின் தொழில் அந்த இயற்கையைப் பின்பற்றுவது. இவ்விரண்டையும் விட்டுப் பணத்தைக் கொண்டே பணம் பிறப்பிப்பவன் இரண்டையும் அவமதிக்கிறான் என்பது வாதம். அரிஸ்டாட்டிலின் வழியும் திருச்சபையின் வழியும் வந்த கருத்து இது. ஆனால் அன்றைய ஃபிளாரன்ஸ் ஐரோப்பாவின் பெரிய வட்டிக்கடை வீதி. பார்தி, பெருட்சி போன்ற அந்நகரத்துக் குடும்பங்கள் பிற்காலத்தில் இங்கிலாந்து மன்னருக்கே கடன் கொடுத்து, 1340களில் நொடித்துப்போயின. தாந்தேயின் தந்தையே சிறிய அளவில் கடன் கொடுத்து வாங்கியவர் என்று ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். ஆகவே தொலைவில் நின்று ஒரு தொழிலைப் பழித்த குரலாக இதைக் கொள்ள முடியாது. தம் வீட்டிற்குள்ளும் வீதியிலும் பணம் மனிதரை என்ன செய்தது என்று கண்டவரின் குரல் இது.

நீலப்பன்றிக்கு உரிய குடும்பத்தின் கதை இன்னும் நீள்கிறது. அவர்கள் படுவா நகரத்து ஸ்க்ரோவெஞி குடும்பத்தார். நரகத்தில் தாந்தே காட்டும் ரெஜினால்தோவின் மகன் என்ரிகோ தம் அரண்மனையை ஒட்டி ஒரு சிற்றாலயம் எழுப்பினார். அது 1305இல் புனிதப்படுத்தப்பட்டது. அதன் சுவர்களில் ஓவியம் தீட்டியவர் ஜியோட்டோ. தந்தையின் பொருட்டுச் செய்த பரிகாரம் என்று பலர் அதைக் கருதுகிறார்கள். வரவில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்து, நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களிலும் அவற்றுக்கு அப்பாலும் திருப்பணி செய்தவர்களின் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, ஈட்டிய பொருளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி படுவாவிலும் இருந்திருக்கிறது என்று புரிகிறது. 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்ற பட்டினத்தார் அடியை நம் வீடுகளில் சொல்லாதவர் யார்? பணப்பையையே பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் தாந்தேயும் பட்டினத்தாரும் கண்டிக்கிறார்கள். நாணயம் தவறாத மனிதர் என்று ஊர் சொல்லும் தங்கள் ஐயாவை அந்த மணல்வெளியில் தேட வேண்டியதில்லை.

நெற்குப்பையைச் சேர்ந்த வாசகி, தற்போது பினாங்கு: தாந்தே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி அவர் எங்கேனும் பாடியிருக்கிறாரா?

பாடியிருக்கிறார்; உலகக் கவிதையில் அப்படிப்பட்ட மூன்றடிகள் குறைவு. 1302இல் அரசியல் பகையால் அவர் நாடு கடத்தப்பட்டார். அகப்பட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்று அடுத்து ஒரு தீர்ப்பும் வந்தது. 1321இல் ரவென்னா நகரில் இறக்கும்வரை அவர் ஃபிளாரன்ஸுக்குத் திரும்பவே இல்லை. ஃபிளாரன்ஸ் நகரமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கித் தீர்மானம் செய்தது 2008இல்தான்.

காவியத்தின் கதை 1300இல் நடப்பதாக அமைந்திருப்பதால், இந்தச் செய்தி வருங்காலம் உரைப்பதாக வருகிறது. சொர்க்கக் காண்டத்துப் பதினேழாம் படலத்தில் தாந்தேயின் முப்பாட்டனார் அவரிடம் சொல்கிறார்: அயலார் ரொட்டி எவ்வளவு உப்புக்கரிக்கும் என்பதையும், அயலார் வீட்டுப் படிகளில் ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு கடினமான வழி என்பதையும் நீ அனுபவித்து அறிவாய். ஃபிளாரன்ஸ் இருக்கும் டஸ்கனிப் பகுதியில் ரொட்டியை உப்பில்லாமலே சுடுவது இன்றும் உள்ள வழக்கம். ஆகவே அயலூர் ரொட்டியின் முதல் கடியிலேயே ஊர் நினைவு வந்துவிடும் என்று உரை சொல்வாரும் உண்டு. கடல்கடந்து கொண்டுவிக்கப் போன இடத்தில், கிட்டங்கி என்னும் கடைக்கூடத்தின் ஓரத்தில் பெட்டியடியில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் காலம் கழித்தவர்களின் பேரக்குழந்தைகளுக்கு இதற்கு மேல் உரை வேண்டாம். கிரே இந்த இடத்தை ஓசை நயம் எதுவும் சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறந்த நகரத்திலேயே கழித்த ஒருவர் இதில் தம் கைவண்ணத்தைக் காட்ட முற்படாதது நல்ல அடக்கம் என்று எனக்குப் படுகிறது.

சைவ அன்பர், கோட்டையூர்: தாந்தேயின் சொர்க்கத்தில் கிறித்தவர் அல்லாதாருக்கு இடமில்லை என்றால், நாம் ஏன் அதைப் படிக்க வேண்டும்?

தாங்கள் கேட்கும் இதே கேள்வியைத் தாந்தேயே கேட்டிருக்கிறார். அதுவும் இந்தியாவைச் சுட்டியே கேட்டிருக்கிறார். சொர்க்கக் காண்டம் பத்தொன்பதாம் படலம். வியாழனின் மண்டலத்தில், நீதிமான்களின் ஆன்மாக்கள் ஒளிப்புள்ளிகளாக இணைந்து ஒரு கழுகின் வடிவம் கொண்டு பேசுகின்றன. தாந்தேயின் மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்த ஐயத்தை அந்தக் கழுகே எடுத்துச் சொல்கிறது: சிந்து நதிக்கரையில் ஒரு மனிதன் பிறக்கிறான், அங்கே கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவாரும் இல்லை, கற்பிப்பாரும் இல்லை, எழுதுவாரும் இல்லை, அவனுடைய எண்ணமும் செயலும் மனித அறிவுக்கு எட்டியவரை குற்றமற்றவை, அவன் ஞானஸ்நானம் பெறாமல் இறக்கிறான், அவனைத் தண்டிக்கும் நீதி எது, அவன் நம்பாததில் அவன் குற்றம் எது?

கழுகின் விடை நமக்கு முழு நிறைவைத் தராது. சாண் அளவே எட்டும் கண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் கல் தொலைவில் இருப்பதற்குத் தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று அது அதட்டுகிறது. ஆனால் உடனே, கிறிஸ்து கிறிஸ்து என்று கூவுகிறவர்களில் பலர், அவரை அறியாதவனைவிட இறுதி நாளில் அவருக்குத் தொலைவில் நிற்பார்கள் என்றும் சொல்கிறது. அடுத்த படலத்தில், அந்தக் கழுகின் புருவத்தில் கிறித்தவத்துக்கு வெளியே வாழ்ந்த இருவர் ஒளிர்வதைத் தாந்தே கண்டு திகைக்கிறார்: ரோமப் பேரரசர் ட்ராஜன், இன்னொருவர் டிராய் நகரத்து ரிஃபேயஸ், வெர்ஜிலின் காவியத்தில் ஓரிரு அடிகளில் மட்டும் வந்துபோகும் ஒரு நீதிமான். கோட்பாட்டின்படி கதவைச் சாத்த வேண்டிய கவிஞர், மனம் பொறுக்காமல் அதைச் சிறிது திறந்து வைத்திருக்கிறார். ஒரு பெரிய அறிவு தன் சமயத்தின் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்பதை இவ்வளவு அருகில் காணக் கிடைப்பது அரிது. சிவபெருமானை வணங்கும் நாம் அதைப் படிப்பதால் நமக்குக் குறை ஒன்றும் வந்துவிடாது. பத்தொன்பதாம் படலத்தை ஒரு தடவை படித்துவிட்டு எழுதுங்கள்.

ஓவிய ஆசிரியர், சிவகங்கை: கிரே ஓவியர் என்கிறீர்களே, நூலில் படங்கள் உண்டா?

நூலின் அட்டையும் அலங்கரிப்பும் அவருடையவையே. தம் நூல்களை அச்செழுத்து முதல் அட்டை வரை தாமே வடிவமைப்பது அவருடைய வழக்கம். அவருடைய ஓவியத்தின் அளவை அறிய விரும்பினால் கிளாஸ்கோவின் ஓரன் மோர் கட்டடத்து மேற்கூரையின் படத்தைத் தேடிப் பாருங்கள். பழைய தேவாலயம் ஒன்று கலைக்கூடமாக மாற்றப்பட்டபோது அதன் விதானம் முழுவதையும் நீல இரவு வானமாகத் தீட்டினார். தாந்தேயின் மூன்று காண்டங்களும் விண்மீன்களைச் சொல்லியே முடிகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த விதானத்தை வரைந்த கை இந்தக் காவியத்தைத் தொட்டதில் வியப்பில்லை. உத்தரிக்கும் தலத்தின் பதினோராம் படலத்தையும் தாங்கள் படிக்க வேண்டும். செருக்கைக் கழுவிக்கொள்ள முதுகில் பாறை சுமந்து குனிந்து நடக்கும் ஓர் ஏட்டோவியர், ஓவியத்தில் சிமபுவே தமக்கே களம் என்று நினைத்திருந்தார், இப்போது பேரெல்லாம் ஜியோட்டோவுக்கு என்று சொல்லும் இடம் அது.

நூலகர், திருப்பத்தூர்: ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்தவர்களுக்கு எந்த மொழிபெயர்ப்பை முதலில் கொடுக்கலாம்? மூன்று நூல்களும் சேர்ந்தே கிடைக்குமா?

கிரேயின் மூன்று காண்டங்களும் தனித்தனி நூல்களாக வெளிவந்தவை. முதலில் 'நரகம்' மட்டும் வாங்கினால் போதும். கதை ஓட்டம் தடைப்படாமல், அகராதியை அடிக்கடி புரட்டாமல், ஓரிரு வாரத்தில் படித்துவிட முடியும் என்பதால் முதல் வாசிப்புக்கு அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் அதில் விளக்கக் குறிப்புகளை நம்பி இருக்க முடியாது. யார் இந்த மனிதர், எந்தக் கட்சி, எந்தச் சண்டை என்று அறிய டாரத்தி சேயர்ஸின் பதிப்பை அருகில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் 'சொர்க்கம்' காண்டத்தை முடிப்பதற்குள் 1957இல் காலமாகிவிட, பார்பரா ரெனால்ட்ஸ் அதை நிறைவு செய்து 1962இல் வெளியிட்டார். அடிக்கு அடி சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு லாங்ஃபெலோ உதவுவார். காப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் அவருடைய மொழிபெயர்ப்பு இணையத்தில் விலையின்றியே கிடைக்கிறது.

நரகத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் எங்கும் அதிகம். தங்கள் நூலகத்தில் அப்படி நடக்காமல் இருக்க, 'உத்தரிக்கும் தலம்' நூலையும் சேர்த்தே வாங்கி, முதல் நூலைத் திருப்பிக் கொடுக்க வருகிறவரிடம் கையோடு கொடுத்துவிடுங்கள். மூன்றில் மனிதருக்கு மிக நெருக்கமான காண்டம் அதுவே. கிரேயின் நடையும் அங்கே மிகவும் இயல்பாக ஓடுகிறது.